உடற்பயிற்சிக் குறிப்பேடு யார் கையில் இருக்க வேண்டும்?



நடைப்பயிற்சியும் எடை தூக்கும் பயிற்சியும் இன்று நம் வீடுகளில் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்றாகிவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இந்நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கணித்தது. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலும், அதனுடன் இரண்டு நாள்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறுகிறது. பஜ்ருக்குப் பின் மொட்டை மாடியில் நடக்கும் பெரியம்மாவுக்கும், இஷாவுக்குப் பின் ஜிம்முக்குச் செல்லும் கல்லூரி மாணவனுக்கும் இப்போது ஒரே தேவை: இன்று எவ்வளவு செய்தோம் என்பதைக் குறித்து வைக்க வேண்டும். சென்ற வாரம் எட்டுக் கிலோ டம்பெல்லைப் பத்து முறை தூக்கியது நினைவில் இருந்தால்தான் இந்த வாரம் பதினொன்றுக்கு முயல முடியும்.

அந்தக் குறிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கேள்வி. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிச் செயலிகள் பல, நாம் எத்தனை தண்டால் எடுத்தோம் என்பதோடு நின்றுவிடுவதில்லை. பிறந்த தேதி, எடை, உயரம், இருப்பிடம், தொடர்பு எண்கள், உறங்கும் நேரம் என ஒவ்வொன்றாகக் கேட்கின்றன. அவற்றை நடத்துவோருக்கு மாதந்தோறும் செலவு இருக்கிறது, ஊழியர் இருக்கின்றனர், முதலீட்டாளர் இருக்கின்றனர். பயனர் பணம் தராதபோது அச்செலவை வேறு யாரோ தர வேண்டும். அந்த வேறு யாரோ கேட்பது பெரும்பாலும் நம்மைப் பற்றிய தரவைத்தான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் கருத்து இதுதான்: உடற்பயிற்சிக் குறிப்பேடு போன்ற சிறிய செயலியை நம் குடும்பத்துக்கென நாமே கட்டிக்கொள்வது இன்று சாத்தியம், அதை நடத்தும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, செலவே இல்லாத ஒன்றுக்கு விளம்பரமும் வேண்டியதில்லை, யாருடைய தரவையும் விற்க வேண்டியதுமில்லை. இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். கணினி அறிவியல் படித்துவிட்டு வேலை தேடுவோர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கின்றனர்.

அச்சம் வீணானதன்று என்பதற்குச் சில செய்திகளை நினைவூட்டுகிறேன். ஓட்டப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ராவா 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் திரட்டி ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. பெயர் எதுவும் அதில் இல்லை. ஆயினும் 2018 ஜனவரியில், பாலைவனங்களின் நடுவே ராணுவ முகாம்களின் வடிவம் அதில் ஒளிர்வதைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்தனர். அதே ஆண்டு மார்ச்சில் மைஃபிட்னஸ்பால் செயலியின் ஏறத்தாழ 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்ட செய்தி வெளியானது. நமக்கு மிக நெருக்கமானது மூன்றாவது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் பார்ப்பதற்காக உலகெங்கும் முஸ்லிம்கள் பதிவிறக்கிய முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்னும் தரகு நிறுவனத்துக்குச் சென்றதாகவும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்குப் பணிபுரியும் ஒப்பந்ததாரர்கள் இருந்ததாகவும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளியிட்டது. செயலியை நடத்தியவர்கள் உடனே அத்தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அத்தரகு நிறுவனம் நுண்ணுணர்வான இருப்பிடத் தரவை விற்கக் கூடாதெனக் கட்டுப்பாடு விதித்தது. பள்ளிவாசலுக்குப் போகும் வழியைக் கேட்டவரின் பாதையே சந்தைக்கு வந்ததென்றால், மாடியில் நடக்கும் பெண்மணியின் எடையும் நேரமும் வராது என்று எந்த உறுதியும் இல்லை.

இனி, செலவு எப்படி இல்லாமற்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு செயலியை நடத்த, இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணினியை வாடகைக்கு எடுக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத இரவு மூன்று மணிக்கும் வாடகை ஓடும். 2014 நவம்பரில் அமேசான் நிறுவனம் லாம்டா என்னும் சேவையை அறிவித்தது. நாம் எழுதிய சிறு நிரலை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், கோரிக்கை வரும்போது மட்டும் அது நிரலை எழுப்பி ஓட்டும். ஓடிய மில்லி நொடிகளுக்கு மட்டுமே கணக்கு. இதைச் சர்வர்லெஸ் என்று அழைக்கின்றனர். பெயர் சற்றே ஏமாற்றுவது. சர்வர் எங்கோ இருக்கத்தான் செய்கிறது, அதைப் பராமரிக்கும் வேலை நம்முடையதில்லை, அவ்வளவே. நிக்காஹ் விருந்துக்குப் பண்டாரியை அழைத்து, எத்தனை படி அரிசி ஆக்கினாரோ அதற்குக் கூலி கொடுக்கிறோம். அதற்காக ஆண்டு முழுதும் மாதச் சம்பளத்துக்கு ஒரு சமையற்காரரை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. சர்வர்லெஸ் என்பது அந்தப் பண்டாரி ஏற்பாடுதான்.

எண்களைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளில் ஐந்து வகைப் பயிற்சி, ஒவ்வொன்றிலும் நான்கு செட் செய்வதாகக் கொள்வோம். மொத்தம் 20 குறிப்புகள். பயிற்சியின் பெயர், எடை, எண்ணிக்கை, நேரம் ஆகியவை அடங்கிய ஒரு குறிப்புக்கு 100 பைட் போதும். ஆக நாளொன்றுக்கு 2,000 பைட். ஆண்டில் 250 நாள் பயிற்சி செய்தால் அரை மெகாபைட். பெரிய குடும்பம், சித்தப்பா பெரியப்பா மக்கள், அண்டை வீட்டார் எனச் சேர்த்து 50 பேர் என்றாலும் ஆண்டுக்கு 25 மெகாபைட். பெருநாளன்று கைப்பேசியில் எடுக்கும் ஏழெட்டுப் புகைப்படங்களின் அளவு அது. அமேசானின் டைனமோடிபி தரவுத்தளம் கட்டணமின்றித் தருவது 25 கிகாபைட். நம் கணக்குக்கு அது நிரம்ப ஆயிரம் ஆண்டு ஆகும். கோரிக்கைகளும் அப்படியே. ஒவ்வொருவரின் கைப்பேசியும் நாளுக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பினால் 50 பேருக்கு மாதம் 1,500 கோரிக்கைகள். லாம்டாவின் இலவச வரம்பு மாதத்துக்கு 10 லட்சம். கிளவுட்பிளேர் வொர்க்கர்ஸ் என்னும் மற்றொரு சேவை நாளொன்றுக்கே ஒரு லட்சம் கோரிக்கைகளை இலவசமாக ஏற்கிறது.

கடைகளில் பதிவு செய்யும் செலவையும் தவிர்க்கலாம். ஆப்பிளின் செயலிக் கடையில் இடம்பெற ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் ஒரு முறை 25 டாலர். குடும்பக் குறிப்பேட்டுக்கு இவை இரண்டும் தேவையற்றவை. வலைப்பக்கமாகவே எழுதி, கைப்பேசியின் முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் செயலி போலவே திறக்கும், இணையமின்றியும் இயங்கும். சேமிப்பிடம் நிறைந்து திணறும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிதான் வீட்டுப் பெரியவர்களிடம் பெரும்பாலும் இருக்கிறது. பல நூறு கிலோபைட் நூலகங்களை அதில் இறக்காமல், படங்களின்றி, ஐம்பது அறுபது கிலோபைட்டில் எழுதினால் போதும். இலேசான செயலி என்று நான் சொல்வது இதைத்தான். ஐபோன் வைத்திருப்போர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முகப்புத் திரையில் சேர்க்காத தளத்தை ஏழு நாள் தொடாமல் சஃபாரியைப் பயன்படுத்திவந்தால், அத்தளம் கைப்பேசியில் சேமித்த தரவைச் சஃபாரி அழித்துவிடும்.

கட்டும்போது கவனம் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தேதிச் சிக்கல். இந்தச் சேவைகளில் ஓடும் நிரல்களின் கடிகாரம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நாடு அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. காலை 5.15க்குப் பெரியம்மா நடந்து முடித்துக் குறித்தால், சர்வரின் கணக்கில் அது முந்தைய இரவு 11.45. நடை முந்தைய நாள் கணக்கில் விழுந்துவிடும். இன்று ஒன்றும் செய்யவில்லை என்று செயலி காட்டும். சிங்கப்பூரில் வாழும் நம் உறவினர்களுக்கு இன்னும் மோசம்; காலை எட்டு மணிக்கு முன் செய்தது எதுவாயினும் நேற்றையதாகிவிடும். பஜ்ர் தொழுதுவிட்டுப் பயிற்சி செய்யும் சமூகத்துக்கு இதைவிடப் பொருந்தாத பிழை வேறில்லை. ஒன்பது மணிக்கு எழுந்து பத்து மணிக்கு ஓடுபவர் எழுதிய செயலியில் இப்பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமலே இருக்கக்கூடும். தீர்வு எளிது: தேதியைச் சர்வரிடம் கேட்காமல் பயனரின் கைப்பேசியிலிருந்தே எடுத்து, நேரத்துடன் தனியாக எழுதி வைக்க வேண்டும். ரமளானில் தராவீஹ் முடித்து நள்ளிரவுக்குப் பின் பயிற்சி செய்வோர் அதை எந்த நாளின் கணக்கில் சேர்க்க விரும்புகின்றனரோ அதை அவர்களே மாற்றிக்கொள்ளவும் விட வேண்டும். மார்க்கக் கணக்கில் நாள் மஃரிபில் தொடங்குகிறதே, அதையும் நிரலில் சேர்க்கலாமே என்று ஆர்வமுள்ள தம்பி யாரேனும் கேட்பார். வேண்டாம். குழப்பம் இரட்டிப்பாகும்.

அடுத்தது இணையத் தொடர்பு. அடித்தளத்தில் இயங்கும் ஜிம்களில் சிக்னல் கிடைப்பதில்லை. ஊரில் மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும். எனவே குறிப்பு முதலில் கைப்பேசியிலேயே எழுதப்பட வேண்டும். இணையம் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நெடுநேரம் அழைக்கப்படாத சர்வர்லெஸ் நிரல் விழித்தெழச் சிறிது நேரம் எடுக்கும். சில நேரம் ஒரு நொடிகூட ஆகலாம். இரண்டு செட்டுகளுக்கு இடையே மூச்சிரைக்க வியர்த்த விரலால் தொடுபவருக்கு அந்த ஒரு நொடி நீளமானது. கைப்பேசியில் முதலில் எழுதிவிட்டால் அத்தாமதம் அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அனுப்பும் வழியில் தொடர்பு அறுந்தால், சேர்ந்ததா இல்லையா என்றறியாமல் கைப்பேசி மீண்டும் அனுப்பும். ஒரே பஸ்கிக் கணக்கு இரு முறை ஏறும். குறிப்பு பிறக்கும்போதே கைப்பேசி அதற்கொரு தனி அடையாள எண் இட்டுவிட்டால், அதே எண்ணில் இரண்டாவது வந்ததைத் தரவுத்தளம் முதலாவதன் மேலேயே எழுதிக்கொள்ளும். தரவுத்தளத்துக்குச் சிக்கலான அமைப்பும் தேவையில்லை. யாருடையது என்பது முதல் சாவி, தேதியும் அடையாள எண்ணும் சேர்ந்தது இரண்டாவது சாவி. எழுதுதல், இந்தத் தேதிக்குப் பிந்தியவற்றைத் தருதல், அழித்தல் என மூன்றே செயல்கள். இதற்குமேல் சர்வருக்கு வேலை கொடுப்பவர் தேவையற்றதைக் கட்டுகிறார் என்பேன்.

இதுவரை சொன்னவை கைத்திறன் சார்ந்தவை. இனிச் சொல்லப்போவதற்கு எந்த நிரலும் முழு விடையாகாது. அந்நிய நிறுவனத்திடமிருந்து தரவை எடுத்து வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை யார்? அண்ணன் மகன், அல்லது தங்கையின் மருமகன். சாச்சியின் எடை எவ்வளவு, எந்த நாளில் அவரால் நடக்க முடியவில்லை, எந்த வாரம் முழுதும் ஓய்வெடுத்தார் என்பதெல்லாம் அவர் பார்க்கக்கூடிய அட்டவணையில் இருக்கும். தொலைவில் உள்ள நிறுவனத்துக்குச் சாச்சி ஒரு எண். வீட்டுப் பிள்ளைக்கு அவர் சாச்சி. சில வகையில் இது கூடுதல் கூச்சத்துக்குரியது. பெண்கள் இதை வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். பேசாமல் பயன்படுத்துவதை நிறுத்திவிடுவார்கள்.

சட்டமும் இங்கே துணைக்கு வராது. இந்திய நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தனிப்பட்ட அல்லது வீட்டு நோக்கத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. ஆக, குடும்பச் செயலியைக் கட்டுபவர் கையில் இருப்பது அமானிதம். அதற்கு அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரி இவ்வுலகில் யாரும் இல்லை. அதை உணர்ந்தவர் தன்னையே நம்ப வேண்டிய நிலையைப் பிறருக்கு வைக்கமாட்டார். தானும் பார்க்க முடியாதபடி கட்டுவார்.

அது முடியக்கூடியதே. இன்றைய உலாவிகள் அனைத்திலும் மறையாக்க வசதி உள்ளடங்கியிருக்கிறது. குறிப்பு கைப்பேசியை விட்டு வெளியேறுமுன் அங்கேயே பூட்டப்பட்டு, சாவி அந்தக் கைப்பேசியிலேயே தங்கிவிட்டால், சர்வரில் சேர்வது பொருள் விளங்காத எழுத்துக் கூட்டம் மட்டுமே. வாராந்தரக் கூட்டல், வரைபடம் எல்லாவற்றையும் கைப்பேசியே செய்துகொள்ளும். ஆண்டுக்கு அரை மெகாபைட்டைக் கூட்டிப் பார்ப்பது எந்தப் பழைய கைப்பேசிக்கும் சுமையன்று. இதற்கொரு விலை உண்டு. கைப்பேசி தொலைந்தால் சாவியும் தொலையும். பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே தொடக்கத்திலேயே சாவியைச் சில சொற்களாக மாற்றிக் காட்டி, தாளில் எழுதி அலமாரியில் வைக்கச் சொல்ல வேண்டும். எழுதி வைக்காதவர் பழைய கணக்கை இழப்பார். அவ்விழப்பைப் பெரிதென நான் கருதவில்லை. சென்ற ஆண்டு மார்ச்சில் எத்தனை முறை தண்டால் எடுத்தோம் என்பதை இழப்பதைவிட, அதைப் பிறர் பார்ப்பது பெரிய இழப்பு.

பூட்டினாலும் முழுதும் மறைந்துவிடாது என்பதையும் கட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். யாருடையது, எந்தத் தேதி என்னும் சாவிகள் திறந்தே இருந்தால், சாச்சி எந்த நாள்களில் குறிக்கவில்லை என்பது அப்போதும் தெரியும். பெயருக்குப் பதில் பொருளற்ற எண்ணும், தேதிக்குப் பதில் ஏறுவரிசையில் செல்லும் எண்ணும் இட்டு, பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் கைப்பேசி நாள்தோறும் ஏதேனும் ஒன்றை அனுப்பும்படி செய்தால் அதுவும் மங்கிவிடும். இவ்வளவு தேவையா என்று சிலர் கேட்கலாம். மாமிமார்களிடம் கேட்டுப் பாருங்கள் என்பதே என் பதில்.

பலர் கவனியாத கசிவு ஒன்று இருக்கிறது. நிரல் ஓடும்போது நடந்தவற்றையெல்லாம் எழுதிவைக்கும் லாக் பதிவேடு இந்தச் சேவைகளில் தானாகவே உருவாகும். பிழை தேடும் அவசரத்தில், வந்த கோரிக்கையை முழுதும் அச்சிடும் ஒரு வரியை எழுதுவது நிரலாளர்களின் வழக்கம். அமேசானின் கிளவுட்வாட்ச் பதிவேடு, நாம் கால வரம்பு இடாதவரை எதையும் அழிப்பதில்லை. தரவுத்தளத்தில் பயனர் அழித்த குறிப்பு பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஏழு நாள் என்று வரம்பிட ஒரு நிமிடம் போதும். தொடங்கும் நாளிலேயே செய்துவிடுங்கள்.

எவற்றைக் கேட்காமல் விடுவது என்பதும் கட்டுமானத்தின் பகுதியே. இருப்பிடம் வேண்டாம். தொடர்பு எண்கள் வேண்டாம். பிறந்த தேதி எதற்கு? கடவுச்சொல்லும் வேண்டாம், பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், அல்லது எல்லா இடத்திலும் ஒன்றையே வைப்பார்கள். குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பலாம் என்றால் நம் நாட்டில் அதற்கென நிறுவனப் பதிவும் செய்தி வார்ப்புப் பதிவும் தேவை, ஒவ்வொரு செய்திக்கும் காசு. யாராலும் ஊகிக்க இயலாத நீண்ட எழுத்துகளைக் கொண்ட அழைப்பு இணைப்பு ஒன்றை நேரில் கொடுத்தால், அதை ஒரு முறை திறந்ததும் கைப்பேசி நினைவில் வைத்துக்கொள்ளும். கைப்பேசி மாறினால் புதிய இணைப்பு. பெரியம்மாவுக்கு இதுவே போதும்.

தொடர்ச்சியாக எத்தனை நாள் செய்தீர்கள் என்று காட்டி, ஒரு நாள் தவறினால் பூஜ்யத்துக்குத் திருப்பும் வழக்கம் வணிகச் செயலிகளில் பரவலாக இருக்கிறது. பயனரை நாள்தோறும் திறக்கவைப்பதே அதன் நோக்கம். உடல்நலத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. நோன்பு வைத்திருக்கும் மாதத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொள்பவரும், மகப்பேற்றுக்குப் பின் ஓய்வெடுப்பவரும், காய்ச்சலில் படுத்திருப்பவரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத் தோற்றதாக எண்ண வேண்டுமா? உறவினர்களுக்குள் யார் முதலிடம் என்னும் பட்டியலும் அப்படித்தான். இரண்டு மருமகள்கள் உள்ள வீட்டில் அப்பட்டியல் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமே கட்டுவதன் பெரும் பயன், இவற்றைக் கட்டாமல் விடும் உரிமை நமக்கு இருப்பதுதான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் எடைபோட வேண்டும். இலவசம் என்பது தூண்டிற்புழு, ஒரு நாள் பில் வரும் என்பார்கள். வரும், கவனமில்லாவிட்டால். 2024ஆம் ஆண்டு அமேசானின் எஸ்-3 சேமிப்பகத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு பேழையை யாரோ தவறுதலாகக் கோடிக்கணக்கில் தட்டியதால் அதன் உரிமையாளருக்கு 1,300 டாலருக்கு மேல் கட்டணம் ஏறியது. செய்தி பரவிய பிறகே அமேசான் அவ்விதியைத் திருத்தியது. சர்வர்லெஸ் சேவை எவ்வளவு கோரிக்கை வந்தாலும் சளைக்காமல் விரிந்து கொடுக்கும். வணிகத்துக்கு அது வரம்; குடும்பத்துக்கு அது ஆபத்து. செலவு எச்சரிக்கை வைத்தால் மின்னஞ்சல் வரும், ஆனால் ஓட்டம் தானாக நிற்பதில்லை. ஆகவே குடும்பச் செயலிக்கு நான் பரிந்துரைப்பது, கடன் அட்டை எண்ணே கொடுக்காமல் தொடங்கக்கூடிய, வரம்பைத் தாண்டினால் பில் அனுப்பாமல் நின்றுவிடும் திட்டத்தை. கிளவுட்பிளேர் வொர்க்கர்ஸின் இலவசத் திட்டமும் கூகுள் பயர்பேஸின் தொடக்கத் திட்டமும் அவ்வாறானவை. ஒரு நாள் செயலி ஒத்திசையாமல் நின்றால் யாருக்கும் இழப்பில்லை. குறிப்புதான் கைப்பேசியில் இருக்கிறதே.

நாற்பது பக்க நோட்டு போதாதா என்பது இன்னொரு கேள்வி. பலருக்குப் போதும். நோட்டில் எழுதி மகிழ்வோரைச் செயலிக்கு இழுப்பது வீண்வேலை. ஆனால் கைப்பேசியில் குறிக்க முடிவு செய்துவிட்ட இளைஞன் நோட்டுக்குத் திரும்பப்போவதில்லை. அவன் முன் இருப்பவை அந்நியச் செயலியும் வீட்டுச் செயலியும்தான்.

கடைசியில் அந்நிய நிறுவனத்தின் கணினியில்தானே வைக்கிறீர்கள் என்று கேட்பவர் சரியாகவே கேட்கிறார். வாடகை வீட்டில் பூட்டிய பெட்டியை வைப்பது போன்றது அது. பெட்டியின் சாவி நம்மிடம் இருக்கும்வரை வீட்டுக்காரர் பற்றிய கவலை குறைவு. கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்பது முக்கியமென நினைப்போருக்கு அமேசானின் மும்பை மையம் 2016 முதலும் ஐதராபாத் மையம் 2022 முதலும் இயங்குகின்றன.

இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது, கட்டியவர் போய்விட்டால் என்ன ஆகும் என்பது. வேலை கிடைத்து துபாய் சென்றுவிடுவார். குழந்தை பிறக்கும், நேரம் இருக்காது. இந்தச் சேவைகள் பழைய நிரல்மொழிப் பதிப்புகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வுக்கு அனுப்பும். கவனிப்பாரற்ற செயலி ஒரு நாள் நின்றுபோகும். ஆகவே குடும்பத்தில் இரண்டாம் ஒருவருக்குக் கணக்கின் நுழைவுரிமை இருக்க வேண்டும். எப்படி மீண்டும் நிறுவுவது என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைக்க வேண்டும். பயனர் ஒவ்வொருவரும் தம் குறிப்புகள் முழுவதையும் ஒரே தொடுகையில் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக எடுத்துக்கொள்ள வழியிருக்க வேண்டும். இந்தப் பொத்தானைக் கடைசியில் சேர்க்கலாம் என்று தள்ளிப்போடுவோர் அதைச் சேர்ப்பதே இல்லை. முதல் வாரத்திலேயே எழுதுங்கள்.

நன்றாக ஓடத் தொடங்கியதும் அண்டை வீட்டார் கேட்பார்கள், பிறகு அவர்களின் உறவினர் கேட்பார்கள். ஜமாஅத் முழுமைக்கும் விரிக்கலாமே என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் யாரேனும் சொல்வார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் ஐந்நூறு பேர் சேர்ந்ததும் ஆதரவு கேட்டு அழைப்புகள் வரும், செலவு தொடங்கும், நன்கொடை கேட்க நேரும், விளம்பரதாரர் ஒருவர் அன்புடன் முன்வருவார். எதிலிருந்து விலகி வந்தோமோ அதே பாதை. ஐம்பத்தொன்றாவது நபர் கேட்கும்போது அவருக்குக் கணக்குத் திறந்து கொடுக்காமல் நிரலைக் கொடுங்கள். அவர் வீட்டிலும் கணினி படித்த ஒரு பிள்ளை இருப்பான். ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் அவனுடன் உட்கார்ந்து, புதிய கணக்கில் நிறுவிக் காட்ட இரண்டு மணி நேரம் ஆகும்.